பன்னிரண்டாவது அறைக்கு இரண்டு மதிப்பெண்

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் படிவம். வைத்தவர் சங்கத்தின் தலைவி அக்கா. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே விடுப்பு கேட்பதற்கு ஒரு படிவம் தயாரித்து, அதைத் தானே நிரப்பி, காரணம் போதாது என்று தனக்குத் தானே விடுப்பை மறுத்துக்கொண்டவன் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

குடியிருக்க வீடு இல்லாதவர்களுக்காக நடக்கும் சங்கம் அது. மூடிக்கிடந்த ஒரு பழைய விடுதியை, அக்கம்பக்கத்தார் நாற்பது நாள் நகராட்சி அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து வாங்கியிருந்தார்கள். குழாய் மாற்றி, சுவர் பூசி, குறைந்த வாடகைக்குப் பன்னிரண்டு அறைகள் தேறின. விண்ணப்பங்களோ அறுபத்தொன்று. யாருக்குக் கொடுப்பது என்ற சண்டையில் சங்கமே இரண்டாகிவிடும் போலிருந்தபோது, அவன் இருபது கேள்விகளை எழுதிக் கொண்டுவந்தான். ஒவ்வொரு கஷ்டத்துக்கும் மதிப்பெண். பதினான்கு எடுத்தால் அறை. பேர் தெரிந்தால் பாரபட்சம் வருமென்று, ஆட்களுக்கு எண் மட்டும். சொந்தக்காரர் வந்து உட்கார்ந்தால், கேள்வி கேட்பவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

"கஷ்டப்பட்டா மார்க் கிடைக்கும்னு இப்பதான்டா கண்ணால பாக்கிறேன்" என்றார் அக்கா.

பதினோரு அறைகளுக்கு ஆள் முடிவாகி, ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அந்தப் பிற்பகலில் அவன் தலைக்கு மேலே ட்யூப்லைட் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றச் சொல்லி மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறான். எழுதியதெல்லாம் ஒழுங்காகக் கோப்பில் சேர்ந்துகொண்டிருந்தது. "ஐம்பத்தெட்டு" என்று கூப்பிட்டான்.

உள்ளே வந்தது அவனுடைய சித்தப்பா.

எலக்ட்ரீசியன். சித்தி போய் நான்கு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. இருந்ததெல்லாம் பேச்சுதான். தான் வயரிங் செய்த கட்டடத்தில் இன்றுவரை ஒரு ஃபியூஸ் போனதில்லை என்பார். புது வீடு, கிழக்கு பார்த்த பால்கனி என்பார். வந்து உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம். அதனால் அவர் தெருமுனையில் திரும்புவது ஜன்னலில் தெரிந்தாலே, "மின்வெட்டு வருதுடா" என்று அம்மா குரல் கொடுப்பாள். அவள் டிவியின் சத்தத்தை நிறுத்துவாள், இவன் எழுந்து விளக்கை அணைப்பான். இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்தால் போதும், மணியடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். கடைசி மின்வெட்டு நடந்து ஏழெட்டு மாதம் இருக்கும். அப்புறம் அவர் வரவே இல்லை. ரோஷக்காரர் என்று அம்மா சிரித்தாள்.

சித்தப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். அவனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார். 'சொந்தம் கைவிட்டால் சங்கம் கைகொடுக்கும்' என்று அவனே எழுதி, அவனே ஆணியடித்து மாட்டிய பலகை அங்கே இருந்தது.

"வணக்கம் சார்" என்றார்.

பொடியா என்றும் தடியா என்றும் கூப்பிட்டுப் பழகிய வாய் அது.

அப்போதே அவன் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால், ஏன் எழுந்தாய் என்று பக்கத்து மேசையில் கேட்பார்கள். அந்தப் பலகைக்குக் கீழே நின்று பதில் சொல்ல வேண்டும். அவன் பேனாவின் மூடியைத் திறந்தான்.

"உக்காருங்க ஐயா."

போன வாரம் எங்கே தூங்கினீர்கள் என்பது முதல் கேள்வி. சொந்த வீட்டில் என்றார் சித்தப்பா. காற்று பிய்த்துக்கொண்டு போகிறதாம், போர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறதாம். பிறகு எதற்கு அறை என்று ஒரு கேள்வி படிவத்தில் இல்லை. படிவத்தில் இல்லாததை அவன் கேட்பதில்லை. சாப்பாடு மூன்று வேளை, சில நாள் நான்கு. வேலை தலைக்கு மேல். உடம்பு கல்லு. கல்லு என்று சொன்னபோது, மேசைக்கு அடியில் இடது கை வலது கையை இறுக்கிப் பிடித்திருந்தது. அப்படியும் வலது கை நடுங்கியது. மடியில் இருந்த கருவிப் பையில், ஸ்குரூ டிரைவருக்கும் டெஸ்டருக்கும் நடுவே ஒரு பல் துலக்கும் பிரஷ் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்க்காதவன் போலப் பக்கத்தைத் திருப்பினான்.

மொத்தம் மூன்று மதிப்பெண். அதில் இரண்டு, அறுபது வயது தாண்டியதற்கு.

"ரொம்ப நன்றி சார்."

"நல்லதுங்க ஐயா."

ஒருவரையொருவர் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு இருவரும் கைகூப்பிக்கொண்டார்கள்.

அடுத்த எண்ணை அவன் கூப்பிடவில்லை. மூன்று என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு, பின்னால் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் போய், வந்தவர் யார் என்பதையும், தான் எழுந்திருக்கவில்லை என்பதையும், எழுதியது அத்தனையும் பொய் என்பதையும் சொன்னான். திட்டுவார் என்று காத்திருந்தான். அக்கா கையைத் துடைத்துக்கொண்டார்.

"போய்க் கூட்டிட்டு வா. கேள்வியை நான் கேக்குறேன். நீ உள்ள தலை காட்டாதே."

சித்தப்பா போயிருக்கவில்லை. போவதற்கு இடமிருந்தால்தானே. வாசல் மதில் ஓரமாகப் பையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, வேலை நேரத்துல வெளிய சுத்துற" என்றார். 'சார்' அதற்குள் போயிருந்தது.

"சித்தப்பா, அக்காகிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. நான் இருக்க மாட்டேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து உள்ளே போனார்.

அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே இருந்தது ஒட்டுப்பலகைத் தடுப்பு. மறுபக்கம் எறும்பு தும்மினாலும் கேட்கும். அவன் காதைப் பொத்திக்கொண்டிருக்கலாம்; கையை வேறு வேலைக்கு வைத்திருந்தான். விரல் விட்டு மதிப்பெண் எண்ணிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் கட்டடத்தை விற்றுவிட்டார். ஏணியிலிருந்து விழுந்ததில் வலது கை போனது, கையோடு வேலையும் போனது. ஏழு மாதமாகப் படுப்பது, தான் வயரிங் செய்த ஓர் அடுக்குமாடியின் மீட்டர் அறையில், காவலாளி கண்டுகொள்வதில்லை. ஒரு வேளைதான் சாப்பாடு. பத்தொன்பது கேள்வி முடிந்தபோது பன்னிரண்டு சேர்ந்திருந்தது. கடைசிக் கேள்விக்கு இரண்டு மதிப்பெண்.

"சொந்தக்காரங்க யாரையாவது கேட்டுப் பாத்தீங்களா அண்ணே?"

சித்தப்பா இருமினார்.

"ஒரு தடவை போனேன்மா. வீட்டைக் காலி பண்ணின அன்னிக்கு, பையோட. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். லைட்டெல்லாம் அணைஞ்சிருந்துச்சு."

"ஆள் இல்லையா?"

"மீட்டர் வாசப்பக்கம்தான் இருக்கு. அதுல ஒரு சிவப்பு லைட்டு, கரண்ட் எடுக்க எடுக்க சிமிட்டும். அன்னிக்கு நிக்காம சிமிட்டுச்சு. ஃபேனும் ஓடுது, டிவியும் ஓடுது. நம்ம தொழில்ல இதையெல்லாம் பாக்காம இருக்க முடியாது பாருங்க."

"அப்போ, 'உறவினர் சேர்க்க மறுத்தனர்'னு எழுதிக்கிறேன்."

"வேணாம்மா. 'வீட்டில் இல்லை'ன்னு எழுதுங்க. பையன் இங்க வேலை பாக்கிறான்."

வீட்டில் இல்லை என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அப்படித்தான் அவன் எழுதியிருந்தான். பன்னிரண்டு, பன்னிரண்டாகவே நிற்கும். அறை இல்லை.

தலை காட்டக் கூடாது என்பது உத்தரவு. அவன் உள்ளே போனான். அக்காவின் முகத்தையும் பார்க்காமல், சித்தப்பாவின் முகத்தையும் பார்க்காமல், படிவத்தைப் பார்த்துச் சொன்னான்.

"மறுத்தனர்னு எழுதுங்கக்கா. உள்ளதான் இருந்தோம். லைட்டை அணைச்சது நான்."

அக்கா எழுதினார். இரண்டு போட்டார். பதினான்கு. சாட்சிக் கையெழுத்து என்று அடியில் ஒரு கோடு இருந்தது. அழகுக்காக அவன் போட்டு வைத்த கோடு. அக்கா படிவத்தை அவன் பக்கம் திருப்பினார். அவன் கையெழுத்துப் போட்டான். உறவுமுறை என்ற கட்டத்திலும் எழுதினான்.

சித்தப்பா அவனைப் பார்க்கவில்லை. அண்ணாந்து ட்யூப்லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டார்ட்டர் போயிருக்கு. எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசமா" என்றார் அக்கா.

அவர் பைக்குள் கைவிட்டு, பிரஷ்ஷை ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு ஸ்டார்ட்டரை எடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, கை நடுங்க நடுங்க ஏறி நின்றார். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"டேய்" என்றார் சித்தப்பா, திரும்பாமல். "அந்த லைட்டை அணை."

சுவிட்ச் அவன் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கை எழவில்லை.