குடுவையில் எழுதிய பிழை

அக்காவின் பிரசவத்துக்காக எட்டு நாள் விடுப்பில் போனவள், திரும்பி வந்த காலையில் தோள்பையைக்கூடக் கழற்றாமல் இன்குபேட்டரைத் திறந்தாள். உள்ளே, தோல் புற்றுநோய்ச் செல்கள் வளரும் அவளுடைய குடுவைகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஓரத்திலிருந்த ஒன்றின் மேல் பொடி எழுத்தில் 'பிழை' என்று எழுதியிருந்தது.

அதை மட்டும் வெளியே எடுத்தாள்.

தோலில் அழற்சி மூண்டால் செல்லுக்குள் ஒரு சமிக்ஞை ஓடும்: தாக்குப்பிடி, சாகாதே என்று. காயம் ஆறுவதற்கான அந்தக் கட்டளையைப் புற்றுநோய்ச் செல் தன் பிழைப்புக்கு வளைத்துக்கொள்ளும். மருந்து கொடுத்து அந்தச் சமிக்ஞையின் வாயை அடைத்தாள். செல்கள் கொத்துக் கொத்தாக மடிந்தன. விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டும் மடியவில்லை. அவை எந்தக் குறுக்குவழியில் தப்பின என்பதுதான் அவள் கேள்வி. வளர்த்துப் பார்த்தால்தானே தெரியும்? இரண்டு முறை முயன்றாள். இரண்டு முறையும் அவையும் போய்ச் சேர்ந்தன. இந்தக் குடுவைதான் மூன்றாவது முயற்சி. இதுவும் கைவிரித்தால் இந்த ஆய்வை மூட்டைகட்டிவிடலாம் என்று துறைத்தலைவி சொல்லியிருந்தார். இன்று பத்து மணிக்குக் கூட்டம்.

கிருமி புகுந்து கெட்டதை வைத்திருந்தால் மற்றவற்றுக்கும் தொற்றும். குடுவையோடு கழுவுதொட்டிக்குப் போய், செல்களை அழிக்கப் பிளீச் கரைசலை எடுத்தாள். அப்போது கையுறையை மாட்டியபடி, இந்த எட்டு நாளும் குடுவைகளைப் பார்த்துக்கொண்ட ஆய்வக உதவியாளர் வந்தார். அவளைவிட இருபது வயது மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். குழந்தை ஆணா பெண்ணா என்று விசாரித்தார். பெண் என்றாள். அவளுடைய ஒற்றைச்சொல் பதில்கள் அவருக்குப் பழக்கம். அவள் பேசினால்தான் கவலைப்படுவார்.

பேசினாள்.

"பிழைன்னு எழுதியிருக்கீங்களே அண்ணா, எத்தனை?"

"எண்ணலம்மா. முதல்ல நாலஞ்சுதான் கண்ணுல பட்டுச்சு. இப்பக் கூட்டம் சேந்துடுச்சு."

"யாரால?"

"என்னாலதான்" என்று நெளிந்தார். "பெருமைக்குச் சொல்லல. ஞாயித்துக்கிழமைகூட வந்து பாத்துக்கிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமையும் மெனக்கெட்டு வந்து பிழை செய்கிற மனிதரை அவள் பார்த்ததில்லை. கோபப்படத் தெம்பில்லாமல் மூடியில் கை வைத்தாள். அவர் சட்டென்று குடுவையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா பண்றீங்க? அவ்வளவும் பொழச்சது."

அவள் கை அப்படியே நின்றது.

"பிழைத்தவைன்னு முழுசா எழுத இதுல இடம் ஏது? தேதியே பாதியப் பிடிச்சுக்குது."

நுண்ணோக்கியில் பார்த்தாள். செல்கள் அடிப்பரப்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, கைகால் நீட்டி, சொந்த வீடுபோல உட்கார்ந்திருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

எப்படி என்று கேட்டாள். வளர்ப்புத் திரவத்தை அவள் தினமும் முழுக்க மாற்றுவாளாம். இவர் பாதியை விட்டுவைத்தாராம். புது இடத்தில் தமக்கே சோறு இறங்காது என்று விளக்கமும் சொன்னார்.

சிரிப்பு நின்றது. செல்கள் தாமே கக்கிய ஏதோ ஒன்று அந்தப் பழைய திரவத்தில் தங்கி அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. அதைத்தான் அவள் நாள் தவறாமல் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குத் துறைத்தலைவி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே ஆறு மாதம் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்.

"ஆறு பத்தாது மேடம். ஒன்பது வேணும். அண்ணனும் என்கூட வேணும்."

வாசலில் நின்ற உதவியாளருக்குக் கவலையாகிவிட்டது. ஒரே நாளில் அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.