கொட்டாஞ்சேனையின் அளவு

நான் பயந்தவள் அல்ல. கொழும்பின் காலி வீதியைச் சிக்னல் பார்க்காமல் குறுக்கே கடக்கிறவள். வங்கி ஒன்றில் பன்னிரண்டு வருடம் மென்பொருள் எழுதிவிட்டு, மேலாளரின் முகத்துக்கு நேரே "உங்களுக்கு இது விளங்காது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள். சாம்பவிக்கு வாய் நீளம் என்று சொந்தக்காரர் எல்லாம் சொல்வார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றே முக்கால் வரைக்கும் அதை நான் ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஹமீட்டின் லிஃப்ட் கம்பனியில் சேர்ந்து அப்போது மூன்று வாரம். பழைய லிஃப்ட்டுகளுக்குப் புதிய கட்டுப்பாட்டுப் பலகை பூட்டுவதுதான் எங்கள் தொழில். பலகைக்குள் ஓடுகிற புரோகிராம் சி மொழியில் எழுதியது. எழுதிய அப்ஹாம் வேலை கிடைத்து டோஹாவுக்குப் போய்விட, அவருடைய கதிரையும் அவர் விட்டுப்போன குப்பையும் என் தலையில் விழுந்தன. அலுவலகம் வெள்ளவத்தையில், ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடி.

இரண்டு ஒழுங்கைத் தெரு தள்ளி, கடற்கரைப் பக்கமாக ஓர் ஆறுமாடிக் கட்டடம். அங்கே நாலு நாளாக லிஃப்ட் ஓடவில்லை. பழைய பலகையை உப்புக்காற்று தின்றுவிட்டது. புதியதைப் பூட்ட றேமண்ட் காலையிலேயே போய்விட்டான். றேமண்ட் எங்கள் தொழில்நுட்பவியலாளர், கொட்டாஞ்சேனைக்காரன், என்னைவிடப் பத்து வயது குறைவு. எப்போது பார்த்தாலும் கையில் கிறீஸ், இடுப்பில் ஸ்பானர். நான் புரோகிராமை அனுப்பினால் அவன் பலகையில் ஏற்றுவான். அவ்வளவுதான் எங்களுக்குள் கொடுக்கல் வாங்கல்.

"சாம்பவி, பகல் சாப்பாட்டுக்கு முந்தி லிஃப்ட் ஓடணும்," என்றார் ஹமீட், கதவிலே சாய்ந்துகொண்டு. "பில்டிங் கமிட்டிக்காரங்க போன் எடுத்து எடுத்து என்ட தலையத் திங்கிறாங்க."

"அரை மணித்தியாலம் காணும்," என்றேன்.

கம்பைல் செய்தேன். திரையில் சிவப்பு எழுத்து: site.h: No such file or directory. புரோகிராம் கேட்கிற ஒரு ஹெடர் கோப்பைக் காணவில்லையாம். இதெல்லாம் எனக்குத் தூசு. புதிதாகப் படிக்கிறவர்கள்தான் இதைக் கண்டு பதறுவார்கள். முதலில் பெயரைப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சிக்கலும் இல்லை. கம்பைலர் தேடிப்போகிற பாதைகளைப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. கோப்புத்தான் இல்லை. அப்ஹாம் அதைப் பொதுக் கோப்புறையில் வைக்கவே இல்லை. மனதுக்குள் அவரை நன்றாகத் திட்டினேன்.

றேமண்டுக்குப் போனில் ஒரு கோல் எடுத்துக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்புக்கு எனக்கே சிரிப்பு வந்தது. ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு ஹெடர் கோப்பைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்தாலும், வந்து மூன்று வாரத்தில் ஒரு கோப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாதவள் என்று அவன் நினைத்தால் என் மானம் என்னாவது?

ஆகவே முழுக் கணினியையும் தேடவிட்டேன். அதே பெயரில் ஒரு கோப்பு அகப்பட்டது, கொட்டாஞ்சேனையில் கம்பனி முன்பு பலகை பூட்டிய ஒரு கட்டடத்தின் கோப்புறைக்குள். திறந்து முதல் நாலு வரியைப் பார்த்தேன். கம்பனியின் பெயர், திகதி, பலகையின் இலக்கம். அதே வகைப் பலகைதான். பிரதி எடுத்து இங்கே போட்டுக் கம்பைல் செய்தேன். ஒரு பிழையும் இல்லை, ஓர் எச்சரிக்கைகூட இல்லை. உடனே றேமண்டுக்கு அனுப்பிவிட்டு, என் கெட்டித்தனத்தை மெச்சி எனக்கு நானே ஒரு பிளேன்ரீ ஊற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவனுடைய குரல் செய்தி வந்தது. "அக்கா, ஏத்திட்டன். இப்ப லிஃப்ட் பெட்டிக்கு மேல ஏறிப் போறன். கீழ இருந்து உச்சி வரைக்கும் ரெயில் எல்லாம் ஒருக்கா பாத்திட்டு வாறன். மேல லிமிட் சுவிட்ச் கறல் பிடிச்சுப் போச்சு, அதத் தாண்டி வயர் போட்டு விட்டிருக்கன், இப்ப அது வேல செய்யாது. நாளைக்குப் புதுசு வரும்."

தேநீரை வாயில் வைத்தபோது ஹமீட் மறுபடியும் எட்டிப் பார்த்தார். லிஃப்ட்டுக்குள்ளே மாடி இலக்கம் காட்டுகிற பலகையில் கீழ்மாடிக்கு என்ன எழுத்து வரும் என்று கமிட்டி கேட்கிறதாம். பார்த்துச் சொல்கிறேன் என்று அந்தக் கோப்பைத் திறந்தேன். இந்தத் தடவை நாலு வரியைத் தாண்டி வாசித்தேன்.

மாடிகள், ஒன்பது. உச்சி எல்லை, இருபத்தேழாயிரம் மில்லிமீற்றர்.

வெள்ளவத்தைக் கட்டடத்துக்கு ஆறு மாடிதான். பதினெட்டு மீற்றரில் கொங்கிறீட் வந்துவிடும்.

தையற்காரிக்கு அயல்வீட்டுக்காரியின் அளவைக் கொடுத்தால் சட்டைதான் பிழையாய்ப் போகும். நான் கொடுத்த அளவின் மேலே ஒரு மனிதன் ஏறி நின்றான். பெட்டிக்கு மேல் ஆள் நிற்கும்போது உச்சிக்கு ஆறடி முன்னாலேயே லிஃப்ட் தானாக நிற்க வேண்டும். அதை நம்பித்தான் அவர்கள் ஒரு கையால் பட்டனை அமர்த்திக்கொண்டு, குனிந்து ரெயிலைப் பார்த்தபடி போவார்கள். என் புரோகிராமோ இன்னும் மூன்று மாடி இருக்கிறதென்று நினைத்துப் போய்க்கொண்டே இருக்கும். புரோகிராம் தவறினாலும் பிடித்து நிறுத்துவதற்கென்று இருந்த ஒரேயொரு சுவிட்சைத்தான் அவன் வயர் போட்டு வேலை செய்யாமல் விட்டிருந்தான்.

கோல் எடுத்தேன். மணி அடித்தது, ஆள் இல்லை. இன்னொரு தடவை. இல்லை. போனைப் பையோடு கீழே வைத்துவிட்டுத்தான் அவன் ஏறுவான்.

"என்ன சாம்பவி, மொகம் வெளுத்துப் போச்சு?" என்று ஹமீட் கேட்டார். படியில் இறங்கி ஓடினேன்.

நாற்பத்து மூன்று வயதில், சேலையோடு, நடுப்பகல் காலி வீதியில் ஓடியிருக்கிறீர்களா? ஒரு பஸ் என் முகத்துக்கு நேரே பிரேக் அடித்தது. கொண்டக்டர் என்னவோ கத்தினார். ஒரு செருப்பு கழன்று போனது, எடுக்கவில்லை. பெட்டி எத்தனை மாடி ஏறியிருக்கும் என்று கணக்குப் பார்த்தபடி ஓடினேன். இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. முருகா, கரண்டை நிப்பாட்டு என்று வாய்விட்டுச் சொன்னேன். வருடக்கணக்காக மின்வெட்டைத் திட்டித் தீர்த்தவள் நான். அன்று அது வரவில்லை.

லிஃப்ட்டுக்குரிய தனிச் சுவிட்ச் மொட்டைமாடியில். அங்கே ஏறிப்போக நேரமில்லை. முழுக் கட்டடத்துக்குமான மெயின் கீழே, காவலாளியின் மேசைக்குப் பின்னால் இருந்தது.

"அய்யே, மெயின் எக்க ஓஃப் கரண்ட! இக்மனட்ட!" மெயினை உடனே நிறுத்தும்படி காவலாளியிடம் சிங்களத்தில் கத்தினேன்.

அவர் எழும்பி நின்றார். எல்லா வீட்டுக்கும் கரண்ட் போகும், கமிட்டி ஐயா ஏசுவார், எழுதித் தர முடியுமா என்று சிங்களத்தில் ஆற அமர விளக்கத் தொடங்கினார். அவரைத் தள்ளிவிட்டேன். வாழ்க்கையில் ஓர் ஆணை நான் தள்ளியது அதுதான் முதல் தடவை. பெரிய சுவிட்சை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

விசிறிகள் ஓய்ந்தன. லிஃப்ட்டிலிருந்து வந்த மெல்லிய உறுமலும் நின்றது.

"றேமண்ட்!" என்று கத்தினேன். சத்தமில்லை.

படியில் ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் மூடிய லிஃப்ட் கதவில் காதை வைத்து அவன் பெயரைக் கூப்பிட்டேன். இரண்டாம் மாடியில் பதில் இல்லை. மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக் கதவு திறந்தது, யாரோ கரண்ட் எப்ப வரும் என்று கேட்டார்கள். நாலாம் மாடியில் என் குரல் உடைந்துவிட்டது. ஐந்தாம் மாடியில் கதவைக் கையால் அடித்தேன். உள்ளே இருட்டு, சத்தமே இல்லை. அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள், முதலாம் வகுப்பு, போன கிழமைதான் அவள் வரைந்த படத்தை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து காட்டினான். அதை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஆறாம் மாடிக்குக் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறினேன்.

"றேமண்ட்! ஐயோ, கதையுமன்!"

"அக்கா?" கதவுக்கு மேலே எங்கோ இருந்து வந்தது குரல். "இங்கதான் இருக்கன். யாரு கரண்ட்ட நிப்பாட்டினது?"

நான் அப்படியே கதவடியில் குந்திவிட்டேன். "நான்தான். உமக்கு ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்ல. ஆனா நிமிர ஏலாது. நிமிரப் பாத்தன், முதுகில கொங்கிறீட் முட்டுது." மூச்சு வாங்குவது கேட்டது. "இது ஏன் நிக்கேல்ல அக்கா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சென்சர் பிழை, பலகை பிழை என்று என்னத்தையாவது சொல்லி அவனை நம்பவைத்திருப்பேன். அவனுக்குத்தான் ஒன்றும் தெரியாதே. ஆனால் அந்த இருட்டிலிருந்து வந்த குரலுக்குப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"என்ர பிழை. site.h எண்டு ஒரு பைலைக் காணேல்ல. கொட்டாஞ்சேனை பில்டிங்கின்ரயை எடுத்துப் போட்டன். உள்ள என்ன கிடக்கெண்டு வாசிக்கேல்ல."

பெட்டிக்கு மேல் அவன் புரண்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"அந்த பைல் என்ட லப்டொப்பில இருக்கு அக்கா," என்றான். "ஒவ்வொரு பில்டிங்கையும் அளவுநாடா பிடிச்சு அளந்து அந்த நம்பர் எல்லாம் போடுறது நான்தானே. அப்ஹாம் எண்டா எப்பவும் எனக்கு ஒரு கோல் எடுப்பாரு. நீங்களும் எடுத்திருக்கலாமே?"

"தெரியாதவள் எண்டு நீர் நினைப்பீர் எண்டு எடுக்கேல்ல," என்றேன். ஆறாம் மாடிக்காரர் இரண்டு பேர் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அழுதேன், வெட்கப்படவில்லை.

"சரி, அழாதீங்க. போய் மெயினப் போடுங்க. நான் டவுன் பட்டன மட்டும்தான் அமத்துவன். கீழ சைபர், அது எந்த பில்டிங்குக்கும் சைபர்தானே."

அந்தச் சுவிட்சை மறுபடியும் மேலே தள்ளுவதற்கு நான் பட்ட பாட்டை யாருக்கும் சொல்லி விளக்க முடியாது. காவலாளி என் கைக்கு மேலே தன் கையை வைத்து அழுத்தினார். லிஃப்ட் உறுமியது. ஒரு நிமிடம் கழித்து றேமண்ட் முதலாம் மாடிக் கதவைத் திறந்துகொண்டு, உடம்பெல்லாம் தூசியோடு இறங்கி வந்தான். அவன் முகம் சுண்ணாம்புபோல இருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. படியில் உட்கார்ந்து ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

புரோகிராமை அவனுடைய மடிக்கணினிக்கு இறக்கி, சரியான கோப்பைப் போட்டு, அங்கேயே காவலாளியின் மேசையில் வைத்துக் கம்பைல் செய்தேன். ஒரு பிழையும் இல்லை. காலையிலும் இல்லைத்தானே. நான் ஒவ்வொரு வரியாக உரத்து வாசித்தேன், அவன் தன் கொப்பியில் பென்சிலால் எழுதியிருந்த அளவைப் பார்த்துத் தலையாட்டினான். முடிந்ததும் முதல் வரியிலிருந்து திரும்ப வாசித்தேன். மூன்றாம் தடவையும் வாசித்தேன். ஹமீட் இரண்டு தடவை போன் எடுத்தார், நாங்கள் இருவரும் எடுக்கவில்லை.

அவன் அதைப் பலகையில் ஏற்றிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு லிஃப்ட் கதவடியில் போய் நின்றான். உள்ளே போகவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா, ஏறவா?"

கலியாண வீட்டில் நூறு பேருக்கு முன்னால் சம்மதித்து ஓம் என்று சொன்னவள் நான். வங்கியில் கோடிக்கணக்கான ரூபா போய்வருகிற புரோகிராமுக்கு, ஒரு கையில் தேநீரோடு ஓம் சொன்னவள். அந்த ஒரு சொல் இவ்வளவு பாரம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலாம் தடவையும் திரையைப் பார்த்தேன். ஆறு மாடி, பதினெட்டு மீற்றர். அவன் அவசரப்படுத்தாமல் நின்றான்.

"ஓம்," என்றேன். "ஏறும்."

அவன் ஏறினான்.