ரெஸ்னிக்கின் விரிந்த கையுறை

1

இந்தக் கதை எனக்கு எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்தின் ஹாட் டாக் வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்றவர் ரொட்டிமேல் கடுகுச் சாற்றைப் பிதுக்கிக்கொண்டே, "அந்த ரெஸ்னிக் பயல எவன் தலையிலயாச்சும் கட்டிட்டு, அடிக்கத் தெரிஞ்ச ஒருத்தனக் கூட்டிட்டு வரச் சொல்லுங்கப்பா" என்றார். பழைய குளிர்பெட்டியை விற்பவர்கூட அதைத் துடைத்துவிட்டுத்தான் பேச்செடுப்பார்; இவர் தள்ளிவிட நினைக்கும் ஆளையே திட்டுகிறார். தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் மாலை வகுப்பில் அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் தொடக்கம்: ஏரிக்காற்று மைதானத்தின்மேல் சோகமாக

(வேண்டாம். காற்றுக்கு என்ன சோகம்? எங்கள் ஊர்க் காற்றில் மீன்வாடைதான் உண்டு.)

2

எங்கள் அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் லானி ப்ரூயிட்டிடமிருந்து தொடங்குகிறேன். ஜூலை கடைசி நாள். அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ள மாலை ஆறு மணிவரைதான் நேரம். பந்துவீச்சாளன் கோல்பி ரெஸ்னிக்குக்கு இருபத்திரண்டு வயது. தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் எதிரணியிடம் பந்துக்குப் பந்து அடிவாங்கியவன். அவனைக் கொடுத்துவிடலாமா என்று மேலாளர் ஹாஸ்கெல் கேட்டபோதெல்லாம் ப்ரூயிட் ஒன்றையே சொன்னார்: பையனுக்குக் கை இருக்கிறது, நெஞ்சு இல்லை. [அந்த வாக்கியம் அவருக்கே மிகவும் பிடித்திருந்தது.]

இன்று மதியம் பழைய ஆட்டங்களின் வீடியோவைப் போட்டார். வர்ணனையாளர் பயிற்சியாளரையும் சேர்த்துத் திட்டவே, சத்தத்தை நிறுத்தினார். திரையின் மூலையில் இருக்கும் வேக எண்ணை விட்டுவிட்டு, முதல்தடவையாகப் பையனின் கைகளைப் பார்த்தார். வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் பந்தை வீசுவதற்காகக் கையுறைக்குள் விரல்களை மாற்றிப் பிடிக்கும்போதெல்லாம் அவன் கையுறை இரண்டு விரல் அகலம் விரிந்தது. ஒருதடவைகூடத் தவறவில்லை. எதிராளிகள் அதைப் பார்த்து, காத்திருந்து அடித்திருக்கிறார்கள். ஏழு அணிகளுக்குத் தெரிந்தது, அவனைப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவருக்குத் தெரியவில்லை.*

* அரங்கமும் வேகத்தைக் காட்டும் எண் பலகையைத்தான் பார்க்கிறது. தொண்ணூற்றேழு மைல் என்று வந்தால் கைதட்டும், பந்து வேலிக்கு வெளியே போய்க்கொண்டிருந்தாலும்.

3

ப்ரூயிட்டுக்கு நியாயம் செய்கிறேனா? இரண்டாம் வரைவில், இரக்கம் வரட்டும் என்று ஒரு முட்டிவலி கொடுத்துப் பார்த்தேன். வரவில்லை. வலியை எடுத்துவிட்டேன்.

ஐந்து நாற்பதுக்கு நடைவழியில் கோல்பி அவரை மறித்தான்.

"கோச், நான் பையைக் கட்டவா வேணாமா?"

"அதெல்லாம் மேல இருக்கவங்க சமாச்சாரம்ப்பா. எனக்கென்ன தெரியும்."

"சரி, என்ன தப்பு பண்றேன்னாவது சொல்லுங்க. போற எடத்துலயாவது திருத்திக்கிறேன்."

[இங்கே 'அவர் உதடுகள் துடித்தன' என்று எழுதியிருந்தேன். பொய். துடிக்கவில்லை.]

"நெஞ்சுல இன்னும் கொஞ்சம் உரம் வேணும் தம்பி" என்றார் ப்ரூயிட்.

4

முடிவு அ: உள்ளே போய்ச் சொல்லிவிடுகிறார். பையன் தங்குகிறான். ஹாஸ்கெல் கேட்கிறார்: "அப்போ மூணு மாசமா நீங்க எதைப் பாத்துட்டிருந்தீங்க, லானி?" அடுத்த வாரம் ப்ரூயிட்தான் பையைக் கட்டுகிறார்.

முடிவு ஆ: வாயைத் திறக்கவில்லை. புது அணிக்காரர்கள் ஒரே மதியத்தில் அந்தக் கையுறையை மூடிவிடுகிறார்கள். செப்டம்பரில் அவன் இங்கேயே வந்து நம்மைச் சுருட்டுகிறான். பையனுக்கு நெஞ்சு வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. ப்ரூயிட் அதை வெட்டி...

ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார் வகுப்பு ஆசிரியர். மணி ஐந்து ஐம்பத்திரண்டு. ஹாஸ்கெலின் கதவுக்கு முன்னால் ப்ரூயிட் தட்டுவதற்குக் கையைத் தூக்கியபடி நிற்கிறார். அங்கேயே விட்டுவிடுகிறேன், தட்டுவதானால் நீங்கள் தட்டுங்கள். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. வரிசையில் அந்த ஆள் சொன்னதும், "ஆமாங்க, தள்ளிவிட்டாத்தான் உருப்படும்" என்றவன் நான். அப்போதும் என் கண் எண் பலகையில்தான் இருந்தது.