தொங்கிப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

படம் மாட்டச் சொல்லி வருகிறவர்கள் எல்லாரும் முதலில் படத்தைத்தான் காட்டுவார்கள். யார் வரைந்தது, எந்த வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியும், கண்ணுக்கு நேராக வருமா என்று ஒரு பாட்டம் பேசி முடிப்பார்கள். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை வராது. "ஒரு ஆணி அடிச்சா போதாதா?" என்று கேட்பவர்களின் தலையில் அந்த ஆணியை இறக்கினால் என்ன என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. தாங்கப்போவது சுவர் ஐயா, சுவர். அது செங்கல்லா, கான்கிரீட்டா, உள்ளே காற்றைத் தவிர ஒன்றுமில்லாத பலகையா என்று தெரியாமல் என்ன கொக்கியைத் தேர்ந்தெடுப்பது?

நான் பத்தொன்பது வருடம் ஒரு பெரிய ஓவியக்கூடத்தில் அந்த வேலையைத்தான் செய்தேன். எந்தப் படத்துக்கு எந்தக் கொக்கி, எத்தனை ஸ்க்ரூ, கம்பியா பட்டையா என்று முடிவு செய்வது என் பொறுப்பு. ஐந்து கிலோவுக்குள் இருந்தால் ஒரு கொக்கி. அதற்கு மேல் இரண்டு கொக்கி, இடையில் ஒரு கம்பி. முப்பது கிலோ தாண்டினால் கம்பியை எடுக்கவே மாட்டேன். ரெட்டைப் பட்டைதான். ஒரு பட்டை சுவரில், இன்னொன்று படத்தின் முதுகில். இரண்டின் விளிம்பும் சாய்வாக அறுத்திருக்கும், மேலிருந்து இறக்கினால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். சுவரில் இருக்கிற பட்டை மட்டும் சரியாகப் பிடித்திருந்தால், படத்தை நான்கு பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது.

பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. துளை போட்டவர் கையெழுத்துப் போடக் கூடாது. இன்னொருவர் வந்து, சுவர்ப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கிக்கொண்டு பத்து எண்ணும் வரை தொங்க வேண்டும். விழாவிட்டால் தாளில் கையெழுத்து. அதன் பிறகுதான் படம் ஏறும். என் எடை அறுபத்திரண்டு கிலோ, படங்கள் பெரும்பாலும் அதற்குள்தான். அதனால் தொங்குகிற வேலை என் தலையில் விழுந்தது. வௌவால் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். புதிதாகச் சேருகிற காவலாளிகூட ஒரே வாரத்தில் வௌவாலக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவான். வீட்டில் என் கணவர் வேறு, சுவரைத் தட்டிப் பார்க்கிற கையோடு அவர் மண்டையையும் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே காலியா இல்லையா என்று தெரிந்துவிடும் என்பார். தட்டவே தேவையில்லை என்று நான் சொல்வேன்.

தம்பி அங்கே சேர்ந்து ஆறு வருடமாகியிருந்தது. அவன் நடத்திவந்த செல்போன் ரிப்பேர் கடையை மூடிவிட்டு எட்டு மாதம் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்க்கப் பொறுக்காமல் நான்தான் மேலாளரிடம் போய்ப் பேசி உள்ளே இழுத்துவிட்டேன். கைத்திறமை இருந்தது அவனுக்கு, அதை மறுக்க மாட்டேன். நான் ஒரு மணி நேரம் சுவரைத் தட்டி, உள்ளே ஆணி எங்கே இழுக்கிறது என்று காந்தத்தை நகர்த்தி, பலகைக்குப் பின்னால் இருக்கும் கட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால், அவன் அரை மணியில் முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பான். மேலாளருக்கு அவன் மேல் ஒரே பிரியம், மின்னல் என்றுதான் கூப்பிடுவார். அக்காவிடம் தம்பியைப் புகழ்ந்தால் அக்காவுக்கு உச்சி குளிரும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. உண்மையில் குளிரத்தான் செய்தது.

முதல் இரண்டு வருடம் அவன் போட்ட பட்டையிலும் ஒழுங்காகத் தொங்கினேன். ஒரு தடவை எனக்குத் தோள்வலி. "கட்டையிலதான்க்கா போட்டிருக்கேன், நீ கையெழுத்தைப் போடு" என்றான். போட்டேன். படம் நின்றது. அடுத்த தடவை தோள்வலி இல்லை, ஆனாலும் போட்டேன். அப்படியே பழகிவிட்டது. வேறு யார் துளை போட்டாலும் காலைத் தூக்கிக்கொண்டு தொங்குவேன். தம்பி போட்டதில் மட்டும் தொங்க மாட்டேன். தொங்கினால் அவனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு கூச்சம். கூடப் பிறந்தவன் சுவரைப் பற்றியா பொய் சொல்லப்போகிறான்?

பெரிய கூடத்தில் ஒரு கடல் படம் இருந்தது. கண்ணாடியோடு சேர்த்து நாற்பத்துநான்கு கிலோ. அந்தச் சுவர் பலகைச் சுவர், இரண்டடிக்கு ஒரு கட்டை. பட்டையின் இரண்டு முனையும் கட்டையில் உட்காருகிற மாதிரி அளந்து குறித்துக் கொடுத்திருந்தேன். மேலாளர் வந்து பார்த்தார். வாசலுக்கு நேராக இல்லை, வலப்பக்கம் ஒரு ஜாண் நகர்த்துங்கள் என்றார். ஒரு ஜாண் நகர்ந்தாலும் வலது பாதிக்கு ஒரு கட்டை கிடைக்கும், இடது முனை கட்டையை விட்டுவிடும், காற்றில் நிற்கும். கிடங்கில் நீளப் பட்டை இருக்கிறது, அதை எடுத்து அடுத்த கட்டை வரை கொண்டுபோய்ப் போடு என்று தம்பியிடம் சொல்லிவிட்டு நான் மாடியில் இருந்த சிற்பங்களைப் பார்க்கப் போனேன். திரும்பி வருவதற்குள் படம் ஏறிவிட்டது.

"கட்டையில கடிச்சிருக்காடா?"

"ரெண்டு பக்கமும் நல்லா கடிச்சிருக்குக்கா. இறக்கணும்னா நாலு பேர் வேணும். இறக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

நான்காம் நாள் காலை, திறப்பதற்கு அரை மணி முன்னால் படம் விழுந்தது. துப்புரவு செய்கிற அம்மா அதற்குக் கீழே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பானைப் பிழிய வாளிப் பக்கம் திரும்பியதால் பிழைத்தார். கண்ணாடித் துண்டு கணுக்காலில் ஏறி மூன்று தையல். சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிப்போய்க் கிழிந்த படத்தைப் பார்த்தார்கள், நான் சுவரைப் பார்த்தேன். வலது பக்கம் ஸ்க்ரூ கட்டையில் அப்படியே நின்றது. இடது பக்கம் பலகை பிய்ந்து, வெள்ளைத் தூள் கொட்டி, ஸ்க்ரூ பிடிக்கத் துளைக்குள் செருகுகிற பிளாஸ்டிக் பிளக் இரண்டு வாயைப் பிளந்துகொண்டு தொங்கின. கீழே கிடந்தது நீளப் பட்டை இல்லை. பழைய பட்டையையே நகர்த்தி, வெறும் பலகையில் பிளக் வைத்து முடுக்கியிருக்கிறான். நாற்பத்துநான்கு கிலோவுக்குப் பிளாஸ்டிக் பிளக்! தம்பி குனிந்து கண்ணாடி பொறுக்கிக்கொண்டிருந்தான், நிமிரவே இல்லை.

மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் அறைக்கு வெளியே தம்பி என் முழங்கையைத் தொட்டான். "நீ ஒண்ணும் பேசாதக்கா. நான் பார்த்துக்கறேன்." எனக்கு மனம் இளகிவிட்டது. அவனே ஒப்புக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தேன். அவன் ஒப்புக்கொண்டதும், ஏதோ அவசரத்தில் செய்துவிட்டான் சார், இந்த ஒரு தடவை மன்னித்துவிடுங்கள் என்று கெஞ்சுவதற்கு வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டேன். அசட்டுப் பெண்பிள்ளை.

மேலாளர் தாளை மேசையில் வைத்து, என்ன நடந்தது என்று கேட்டார். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அவங்க சொன்ன பட்டையைத்தான் சார் போட்டேன். அவங்க தொங்கியும் பார்த்தாங்க. பத்து எண்ணினாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

நான் 'அவங்க' ஆகிவிட்டேன். பிறந்ததிலிருந்து அக்கா, வா, போ என்று பேசி வளர்ந்தவன், ஒரே வாக்கியத்தில் என்னை யாரோ ஆக்கிவிட்டான். பத்து எண்ணினாங்களாம். பொய் சொல்வதுதான் சொல்கிறான், அதை எவ்வளவு நேர்த்தியாக இழைத்துச் சொல்கிறான் பாருங்கள். அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

மேலாளர் முகத்தில் நிம்மதி வந்ததைப் பார்த்தேன். முறைப்படி எல்லாம் செய்திருக்கிறார்கள், அப்படியென்றால் பட்டைதான் சரியில்லை, அதைத் தேர்ந்தெடுத்ததற்காக எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், இனிமேல் ரெட்டைப் பட்டை வாங்க வேண்டாம், இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். தம்பி என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். கணக்காகத்தான் செய்திருந்தான். தொங்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று நான் வாயைத் திறந்தால் அன்றோடு என் வேலை போய்விடும், ஓவியக்கூடத்து விதி அப்படி. பேசாமல் இருந்தால் ஒரு கடிதத்தோடு போகும். எனக்குக் கொக்கி தேர்ந்தெடுக்கத் தெரியாது என்று அந்தக் கடிதம் சொல்லும், அவ்வளவுதான்.

அதைக்கூட முழுங்கியிருப்பேனோ என்னவோ. ஆனால் மேலாளர் தாள்களை அடுக்கிவைத்தபோது எனக்கு மற்றப் படங்கள் கண்ணில் வந்தன. அவன் துளை போட்டு, நான் தொங்காமல் கையெழுத்துப் போட்ட படங்கள் அந்த நிமிடம் சுவர்களில் பதினொன்று இருந்தன. அதில் ஒன்று குதிரைப் படம், முப்பத்தாறு கிலோ, சிறுவர் அறையில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து அதற்குக் கீழே தரையில் உட்கார்ந்துதான் வரைவார்கள். பத்தரை மணிக்கு ஒரு கூட்டம் வருவதாக இருந்தது.

"நான் தொங்கல சார்," என்றேன். "இவன் போட்டது எதுலயும் நாலு வருஷமா தொங்கல. பதினோரு படம் இருக்கு. பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி இறக்கணும்."

மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உங்கள் வேலை போய்விடும், தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று கேட்டார். தெரிந்துதான் என்றேன். தம்பி, அதிர்ச்சியில் அக்கா ஏதோ உளறுகிறாள் என்றான். இப்போது மட்டும் அக்கா. நான் அவனுக்குப் பதில் சொல்லாமல் எழுந்து சிறுவர் அறைக்கு நடந்தேன். இரண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள். நான்கு ஆட்களைக் கூப்பிட்டுக் குதிரையை இறக்கச் சொன்னேன். சுவரில் பட்டை மட்டும் நின்றது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, ரசமட்டம் வைத்தமாதிரி நேராக இருந்தது. நான் இரண்டு கையையும் அதன் மேல் வைத்தேன்.

"வேணாம்க்கா," என்றான் தம்பி. "கீழ வந்துடும்."

மேலாளர் அவனைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். நான் கையை எடுத்துவிட்டேன். ஸ்க்ரூடிரைவர் கொண்டுவரச் சொல்லி இடது ஓரத்து ஸ்க்ரூவைத் திருப்பினேன். இரண்டு சுற்றுக்குப் பிறகு டிரைவர் தேவைப்படவில்லை, விரலாலேயே உருவி எடுத்தேன். பிள்ளைகளை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். மதியத்துக்குள் பதினொன்றையும் இறக்கிப் பார்த்தோம். நான்கு வெறும் பலகையில் இருந்தன. ஏழு அருமையாகக் கட்டையில் கடித்திருந்தன, நானே போட்டிருந்தாலும் அவ்வளவு சுத்தமாக இருக்காது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. தெரியாதவன் செய்திருந்தால் மன்னித்துத் தொலைக்கலாம். இவனுக்கு எது கட்டை, எது காற்று என்று தெரிந்திருந்தது. சோம்பலாக இருந்த நாட்களில் என் கையெழுத்து இருக்கிறதே என்று விட்டிருக்கிறான்.

இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. எனக்கு அதில் வருத்தம் இருந்தது, ஆனால் வழக்குப் பேச வாயில்லை. என் காந்தத்தையும் அளவு நாடாவையும் பையில் போட்டுக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். துப்புரவு அம்மா கட்டுப் போட்ட காலோடு நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஒன்றும் திட்டாதது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

தெருமுனையில் தம்பி நின்றிருந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் நிற்கிறான் என்று அப்போதும் நினைத்தேன். என்னைச் சொல்ல வேண்டும். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, உண்மையாகவே அழுதிருந்தான்.

"ரெண்டு பேருமே தப்பிச்சிருக்கலாம்," என்றான். "கூடப் பொறந்தவனைப் போய் இப்படிக் காட்டிக் குடுத்துட்டியேக்கா."

நடிப்பு இல்லை. என்னால் தனக்குத் துரோகம் நடந்துவிட்டது என்று அவன் மனசார நம்பினான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தக் குதிரைக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தாயா என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான்.

"உன் பொண்ணும்தானடா போன மாசம் வந்து உட்கார்ந்து வரைஞ்சா?"

"அவளை நான் எதிர்ச் சுவர்கிட்டதான் உட்கார வெச்சேன்," என்றான்.

சட்டென்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. என் முகத்தைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தான். அன்றைக்கு என் மகளும் வந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அந்த அறைக்குள் கூட்டிப்போனவன் அவன்தான். நான் வேறு வேலையாகப் போகிற வழியில் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். என் மகள் குதிரைக்கு நேர் கீழே, சுவரில் சாய்ந்துகொண்டு, காகிதத்தை மடியில் வைத்து வரைந்துகொண்டிருந்தாள்.