இல்லை என்று சொல்லாத ஊர்

மனிதர்களைப் போல ஊர்களுக்கும் சுபாவம் உண்டு. செங்கல்பட்டுக்காரனுக்கு வாயில் ‘இல்லை’ வராது. வழி கேட்டால், தெரியாவிட்டாலும் கையை நீட்டி ஏதாவது ஒரு பக்கம் காட்டிவிடுவான். மாமல்லபுரத்தானோ கேட்டு முடிப்பதற்குள் ‘தெரியாது’ என்பான். தினம் ஆயிரம் முகம் வந்து போகிற இடத்தில் எந்த முகத்தை நினைவில் வைப்பான், பாவம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து மாதம் ஒரு தடவை வந்து இரண்டு ஊரிலும் அலைந்த ராகவனுக்கு இதெல்லாம் அத்துப்படி. தேடியது தம்பி கிச்சாவை. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மனைவி ஸ்வாதியோடு திருக்கழுக்குன்றத்தில் வாடகைக்குக் குடியிருந்தான். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறிப்போன காப்பிக்காக அவளோடு சண்டை போட்டுக்கொண்டு, “அண்ணாகிட்டயே போறேன்” என்று கிளம்பியவன். பஸ் ஸ்டாண்டில் நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. எந்த பஸ்ஸில் ஏறினான் என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

மேற்கே போனால் செங்கல்பட்டு, ரயில், ஸ்ரீரங்கம். கிழக்கே போனால் மாமல்லபுரம், கடல். மேற்கே போயிருந்தால் உயிரோடு இருக்கிறான். அதுவும் அண்ணனைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தான். ஒன்றேகால் வருஷமாக ராகவன் பிடித்துக்கொண்டு தொங்கியது இந்த ஒரு நூலைத்தான்.

அதனால் அவருக்குச் செங்கல்பட்டு நல்ல ஊர், மாமல்லபுரம் ஆகாத ஊர். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் கண்ணாயிரம் மாதாமாதம், “நேத்து கூட இங்க தான் குந்திகினு டீ குட்ச்சாரு சார்” என்பான். அதைக் கேட்ட பிறகு கூட்டத்தில் போகிற கட்டம் போட்ட சட்டையெல்லாம் அன்று கிச்சா போட்டிருந்த சட்டையாகத் தெரியும். ராகவன் பின்னாலேயே ஓடுவார். திரும்பும் முகம் வேறு யாருடையதாகவோ இருக்கும். அப்போதும் முதுகு என்னவோ கிச்சாவின் முதுகுதான் என்று அடித்துச் சொல்வார்.

மாமல்லபுரத்தில் சிப்பி மாலை விற்கும் செங்கம்மாளோ கிச்சாவின் போட்டோவைத் தொடக்கூட மாட்டாள். “தெர்லப்பா. செங்கல்பட்டுல கேட்டியா? அவன் எமனையே நேத்து பாத்தேம்பான்” என்று ஒரு தடவை சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக ராகவன் அவளை மன்னிக்கவேயில்லை.

இந்த மாதம் திருப்பதியில் கிச்சாவுக்காக மொட்டை போட்டுக்கொண்டு, மீசையும் இல்லாமல், நேரே செங்கல்பட்டில் வந்து இறங்கினார். கண்ணாயிரத்திடம் வழக்கம்போலப் போட்டோவை நீட்டினார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே முகவெட்டு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களே ஆள் மாற்றி அடித்திருக்கிறார்கள்.

கண்ணாயிரம் போட்டோவைப் பார்த்தான். மொட்டைத் தலையைப் பார்த்தான். எதிரில் நிற்பவரை அடையாளம் தெரியவில்லை.

“இவரா? நல்லா தெரியுமே சார். மாசாமாசம் வருவாரு. இத்த மாதிரியே ஒரு போட்டோவ வெச்சிகினு தம்பிய தேடிகினு கீறாரு.”

“தம்பிய நீங்க பாத்தேளா?”

“எங்க பாத்தேன்? பாத்தேன்னு சொல்லி வெப்பேன், அவ்ளோதான். அந்த மூஞ்சிக்கு நேரா எப்டி சார் இல்லன்னு சொல்றது? நீ இன்னா, அவருக்கு சொந்தமா?”

ராகவன் டீயைக் குடிக்காமல் பஸ் ஏறினார். செங்கல்பட்டு முழுக்க இத்தனை நாள் அலைந்த ஆவி தான்தான் என்று வழியெல்லாம் மனசில் ஓடியது. தன்னையே விரட்டிக்கொண்டு ஓடியிருக்கிறோம் என்று நினைக்க அவமானமாகவும் பயமாகவும் இருந்தது.

திருக்கழுக்குன்றத்தில் ஸ்வாதி கதவைத் திறந்தாள். எப்போதும்போல, “யாராவது பாத்தாளா அண்ணா?” என்றாள்.

நடந்ததைச் சொன்னார். அவள் அதிர்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“நேக்கு அன்னிக்கு சாயங்காலமே தெரியும்ணா.”

“என்ன தெரியும்?”

“கோவம் வந்தா அவர் கடல பாக்கத்தான் போவார். ஒவ்வொரு சண்டைக்கும் அதுதான். அலை முன்னாடி செத்த நேரம் உக்காந்துட்டு, மத்யானம் சாப்பாட்டுக்கு வந்துடுவார்.”

“பின்ன ஏன் மாசாமாசம் என்னைக் கேட்டே?”

“கேக்கலைன்னா உங்களுக்கு இங்க வர்றதுக்கு என்ன இருக்கு? ‘பாத்தாளாம்’னு நீங்க சொல்றச்சே உங்க முகத்த பாத்துட்டு, நான் எப்படி வேற சொல்வேன்?”

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். ராகவன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. கேட்காமலே ஊருக்குப் போய்விடலாமா என்றும் தோன்றியது.

“அப்போ, அண்ணாகிட்ட போறேன்னு சொன்னது?”

“என்னை மிரட்டறதுக்கு எப்பவும் சொல்றதுதான்.”

“அவன் என்கிட்ட வந்துண்டிருக்கல்லே. இல்லியா?”

ஸ்வாதி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இல்லைண்ணா,” என்றாள்.

ராகவன் தம்பிக்காக அன்றுதான் முதல் தடவையாக அழுதார்.