முப்பத்தேழாம் குழாயின் அழகான படம்

ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில் வெந்நீர் பிடிக்கப் போனவர்கள் குடுவை நிரம்பிய பிறகும் நகரவில்லை. ஆராய்ச்சி மாணவி லுவான் ஷியூ போட்ட சத்தம், சீனாவின் அந்தத் தாலியான் நகரத் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

விஷயம், நூல் தடிமனுள்ள ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் சிலிக்காவும் பிளாஸ்டிக்கும் பின்னிப் பிணைந்து, கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக வளர வேண்டும். ஒரு முனையில் கலவையைச் செலுத்தினால், மறுமுனையில் ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக வெளியே வரும். ஷியூ வளர்த்ததில் முப்பத்தாறு உள்ளுக்குள்ளேயே வெடித்துப் போயின. முப்பத்தேழாவதுதான் தேறியது. அதை நம்பி ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினாள். இதழ்க்காரர்களோ, அதே குழாயில் இன்னும் மூன்று முறை ஓட்டிக் காட்டு, வெள்ளிக்கிழமை கெடு என்றார்கள். கட்டுரை வராவிட்டால் பட்டம் கிடையாது.

செவ்வாய் காலை பார்த்தால் குழாய் வைத்திருந்த பெட்டி காலி.

"சூய் அண்ணே, என் முப்பத்தேழு எங்க?"

ஆய்வகத்தில் அவளுக்கு நாலு வருஷம் மூத்த சூய் பெங், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "வியாழக்கிழமை பெரிய ஆளுங்க வர்றாங்கல்ல தங்கச்சி? சுவத்துல மாட்ட ஒரு படம் வேணும்னாரு புரொபசர். மைக்ராஸ்கோப்புல எடுத்தேன். பாரு, பூ மாதிரி இருக்கு!"

"படம் இருக்கட்டும். குழாய் எங்க?"

"உள்ள தெரியணும்னா வெட்டித்தானே ஆகணும்? ஆறு துண்டு."

"வீணாப்போனது முப்பத்தாறு கெடந்துச்சே! அதுல ஒண்ண வெட்டியிருக்கலாம்ல?"

"அதெல்லாம் உள்ள ஒரே விரிசல். நல்லதைத்தானே நாலு பேருக்குக் காட்டணும்?"

அப்போது கிளம்பியதுதான் அந்தச் சத்தம். பேராசிரியர் மோவ், கையில் பாதி தின்ற மீன் கொழுக்கட்டையோடு ஓடி வந்தார்.

"கத்தாதம்மா. கருவி ரிப்பேர், ரெண்டு வாரம் டைம் குடுங்கன்னு எழுதிடு. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"கருவி குத்துக்கல்லாட்டம் இருக்கு சார். ரிப்பேர் ஆனது அண்ணனோட மூளை."

சன்னல் பக்கம் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ஷியூ உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் உரக்கச் சொல்லியபடியே தட்டினாள். "எங்களிடம் இருந்த ஒரே நல்ல குழாயை, சுவரில் மாட்டும் படத்துக்காக, எங்கள் ஆளே வெட்டிவிட்டார்."

"ஐயோ, மானம் போயிடும்!" என்றார் மோவ்.

"போகட்டும் சார். எனக்குப் பட்டமே போகுது." அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

புதன்கிழமை பதில் வந்தது. மூன்று வாரம் தருகிறோம். பழைய குழாய் வேண்டாம், புதிதாக மூன்று செய்து காட்டினால் இன்னும் நல்லது.

ஒன்று தேறவே முப்பத்தேழு பிடித்தது. இப்போது மூன்று வேண்டும். ஷியூவுக்குக் கோபம் இரட்டிப்பானது.

வியாழக்கிழமை வந்த பெரிய மனிதர்கள் சுவரிலிருந்த படத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள். எடுத்தவர் யார் என்று கேட்டார்கள். சூய் பெங்கால் முன்னால் வர முடியவில்லை. ஷியூ உட்காரவைத்த உள்ளறையில், ஊசிக்குழலைக் கட்டைவிரலால் அழுத்தி, புதுக் குழாயின் மயிரிழைத் துவாரத்துக்குள் சிலிக்காக் கலவையைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, வெரலு மரத்துப் போச்சு. எத்தனை ஆச்சு?"

"ஒம்பது." ஷியூ அடுத்த குழாயை அவன் முன்னால் வைத்தாள். "தள்ளுங்கண்ணே."