சோலையம்மாள் கலக்கிய தண்ணீர்

வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைப் பொடியைச் சோலையம்மாள் கலக்கி வைத்த சொம்புத் தண்ணீரை மூக்கம்மாள் வாசலில் கவிழ்த்தாள். பரளச்சி ஊரின் காய்ந்த மண் அதை நொடியில் குடித்துவிட்டது.

"பொட்டலமாக் குடுத்தா வாங்கிக்கிருவோம்ல? காஞ்ச பொடிக்கு ஒண்ணுமில்ல. நீ கைய வச்ச தண்ணிய எங்க வீட்டுப் பிள்ள எப்பிடிக் குடிக்கும்?"

பால்வாடி ஆயா சோலையம்மாள் காலனிக்காரி. அவள் பறித்த மிளகாய் வற்றல் இந்த அடுப்படிக்குள் போகும். அவள் தொட்ட ஈரம் போகாது.

"இருந்த பொட்டலம் அது ஒண்ணுதான் தாயி. நர்சம்மா வெசாழக்கெழமதான் வருவாக."

முருகலட்சுமி மடியில் கிடந்த மகளைப் பார்த்தாள். தங்கச்செல்விக்கு ஒன்றரை வயது. பதினாறு நாளாக வயிற்றுப்போக்கு. துணி அலசி அலசித் தாயின் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. நாத்தனார் மூக்கம்மாள் சொன்னபடி கஞ்சியை நிறுத்தியாயிற்று, தாய்ப்பாலையும் நிறுத்தியாயிற்று. பிள்ளை இப்போது கண்ணீர் இல்லாமல் அழுதது.

"வெறுந்தண்ணி குடுத்தா அப்பிடியே போயிருதே, ஏன்?"

"உப்பும் சீனியும் அளவாச் சேந்து போனாத்தான் தாயி கொடலு தண்ணிய உள்ள இழுக்கும். பாலும் குடுங்க, கஞ்சியும் குடுங்க. பட்டினி கெடக்குற கொடலு எப்பிடி ஆறும்? விடிஞ்சதும் அருப்புக்கோட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. அதுவரைக்கும் உடம்புல தண்ணி நிக்கணும்."

"பெரிய டாக்டரம்மா!" என்றாள் மூக்கம்மாள்.

முருகலட்சுமி நிமிர்ந்தாள். "வீட்டுல உப்பு இருக்கு, சீனி இருக்கு. எனக்கு அளவு தெரியாது. நீங்களே உள்ள வந்து கலக்குங்க."

அந்தத் தெருவில் சோலையம்மாளை யாரும் 'நீங்க' என்றதில்லை. அவள் தயங்கித்தான் படியேறினாள். கொதித்து ஆறிய தண்ணீர் ஐந்து டம்ளர். தலை தட்டிய சின்ன ஸ்பூனால் சீனி ஆறு, உப்பு அரை.

"கண்ணீரவிடக் கரிக்கக் கூடாது. ருசி பாருங்க தாயி."

முருகலட்சுமி ஒரு வாய் குடித்தாள். "சரியா இருக்கு."

பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் புகட்டினாள். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு ஸ்பூன்.

மூக்கம்மாள் முருகலட்சுமி பக்கம் திரும்பினாள். "அவ தொட்ட தண்ணியக் குடிச்சிட்டேல்ல? இனிமே நீ அடுப்படிப் பக்கம் வரக்கூடாது, சொல்லிட்டேன்!"

முருகலட்சுமி ரவிக்கையைத் தளர்த்திப் பிள்ளையை மார்போடு சேர்த்தாள்.

"சரி மதினி. அப்ப சோத்த நீங்க பொங்குங்க. நான் எம்பிள்ளையப் பாக்குறேன்."